பழைய கார் வாங்கப் போகிறீர்களா? இன்ஜினைக் கவனிக்கும் கம்ப்யூட்டரிடம் முதலில் கேளுங்கள்!

சென்ற ஆண்டு ஒரு செகண்ட் ஹாண்ட் கார் வாங்கினேன். 2014ஆம் ஆண்டு மாடல், பெட்ரோல் வண்டி. பெயின்ட் பளபளவென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது. டாஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை விளக்கு கூட எரியவில்லை. பேரம் பேசி, பணத்தைக் கொடுத்து, ஓட்டிக் கொண்டு வந்துவிட்டேன்.

நான்காவது நாள், இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. மெக்கானிக்கிடம் போனேன். அவர் தீப்பெட்டி அளவுள்ள ஒரு சிறிய கருவியை ஸ்டியரிங்கிற்குக் கீழே செருகினார். தன் மொபைல் போனைப் பார்த்தார். "ரெண்டாவது சிலிண்டர்ல மிஸ்ஸிங் சார்" என்றார். பின்னர் இன்னொரு வரியைக் காட்டினார். "பிழைகள் அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரம்: 146 கி.மீ."

வண்டியை வாங்கிய பின் நான் ஓட்டியது 140 கி.மீ. அதாவது, நான் போய்ப் பார்ப்பதற்குச் சற்று முன்னர்தான் யாரோ அந்தப் பிழைச் செய்தியை அழித்திருக்கிறார்கள். இன்ஜின் ஹெட்டைக் கழற்றி, எரிந்து போன வால்வை மாற்றிச் சரி செய்ய 31 ஆயிரம் ரூபாய் ஆனது. வாங்கும் முன் அதே கருவியை நான் செருகிப் பார்த்திருந்தால் இந்தச் செலவு இருந்திருக்காது.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றை விற்பவர் முதல் நாள் இரவே ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செய்து, விண்டோஸைப் புதிதாகப் பதிந்து கொடுத்தால் எப்படி இருக்கும்? திரையில் ரீசைக்கிள் பின் மட்டும் இருக்கும். பார்க்கப் புதியது போலவே தெரியும். ஆனால், அந்த டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கை டிஸ்க்கே தனக்குள் வைத்திருக்கும். பார்மட் செய்தாலும் அது அழியாது. காரின் கம்ப்யூட்டரும் அப்படித்தான். பிழையை அழிக்கலாம், அழித்ததற்கான அடையாளம் சிறிது காலம் தங்கிவிடும். அதைப் படிக்கக் கற்றுக் கொண்டால் பெரிய நஷ்டத்தில் இருந்து தப்பிக்கலாம். அதோடு, கருவியால் பார்க்க முடியாத சிலவற்றைக் கண்ணாலும் காதாலும் சோதிக்க வேண்டும். இரண்டையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

காரில் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது?

கார்புரேட்டர் வைத்த அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்ற வண்டிகளில் பெட்ரோலும் காற்றும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதை ஊசிகளும் ஸ்க்ரூக்களும் தீர்மானித்தன. இன்றைய கார்களில் அந்த வேலையை இ.சி.யு. என்னும் சிறிய கம்ப்யூட்டர் செய்கிறது. ஒரு அலுமினியப் பெட்டிக்குள் பிராசசர், மெமரி, புரோகிராம் எல்லாம் இதற்கும் உண்டு. மானிட்டரும் கீபோர்டும்தான் கிடையாது. கீபோர்டிற்குப் பதிலாக சென்சார்கள். உள்ளே வரும் காற்றின் அளவு, கூலன்ட்டின் வெப்பம், சைலன்சருக்குப் போகும் புகையில் உள்ள ஆக்சிஜன், இன்ஜின் சுழலும் வேகம் என ஒவ்வொன்றையும் சென்சார்கள் சொல்லிக் கொண்டே இருக்கும். அதை வைத்து எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, எந்த நொடியில் பிளக்கில் பொறி தருவது என்று இ.சி.யு. முடிவு செய்திடும்.

எதிர்பார்த்த அளவில் ஏதேனும் ஒன்று இல்லை என்றால், ஒரு எண்ணை மெமரியில் எழுதி வைக்கும். இதுதான் பிழைக் குறியீடு. அந்த மஞ்சள் விளக்கு எரிவதும் இதனால்தான்.

இந்தக் குறியீடுகளை எந்தக் கம்பெனியின் காரிலும் ஒரே கருவி கொண்டு படிக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட பொது முறைக்கு ஓ.பி.டி. 2 என்று பெயர். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் கார்களில் இருந்து இது கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001ல் வந்தது. இந்தியாவில் பி.எஸ். 4 விதிகளுடன் 2010ல் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இருந்து இரண்டாம் கட்டமும் நடைமுறைக்கு வந்தன. எனவே 2013 ஏப்ரலுக்குப் பின் தயாரான கார் என்றால், இங்கே சொல்லப் போகும் சோதனைகளில் பெரும்பாலானவற்றைச் செய்திடலாம். அதற்கு முந்தைய கார்களில் சாக்கெட் இருந்தாலும் கருவி இணையாமல் போகலாம். அவற்றிற்குக் கண்ணும் காதும் மெக்கானிக்கும்தான் வழி.

என்ன தேவை?

1. ஓ.பி.டி. ஸ்கேனர்: புளூடூத் வசதி உள்ள சிறிய கருவி. கடைகளிலும் இணையத்திலும் "இ.எல்.எம். 327" என்று கேட்டால் கிடைக்கும். இந்தச் சிப்பை வடிவமைத்தது கனடாவில் இருந்த எல்ம் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம். அது 2022ல் மூடப்பட்டது. சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை எல்லாம் நகல்களே. பல நன்றாகவே வேலை செய்யும். சில பாதியில் தொடர்பை அறுத்துவிடும். எனவே வாங்கியவுடன் உங்களுக்குத் தெரிந்தவர் காரில் ஒரு முறை சோதித்துக் கொள்ளுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள், சாதாரண புளூடூத் கருவி அதனுடன் இணையாது என்பதை நினைவில் கொள்ளவும். வைஃபை வகையையோ, ஐபோனுக்கு ஏற்றது என்று குறிப்பிட்டுள்ள வகையையோ கேட்டு வாங்குங்கள்.

2. மொபைல் போன் அல்லது லேப்டாப்: ஆண்ட்ராய்டு போன்களில் "டார்க்" என்னும் ஆப் பல ஆண்டுகளாகப் பலரும் பயன்படுத்தி வருவது. இதைப் போல வேறு பலவும் உள்ளன. நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஆப்பில் பிழைக் குறியீடு, நேரடி அளவுகள், "ரெடினெஸ்" ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்.

3. ஒரு டார்ச் லைட், பழைய வெள்ளைத் துணி, ஒரு மணி நேரப் பொறுமை.

இணைப்பது எப்படி?

முதலில் விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். "சும்மா படிக்க மட்டும்தான், எதையும் மாற்ற மாட்டேன்" என்று சொன்னால் நியாயமானவர் மறுக்க மாட்டார்.

ஸ்டியரிங்கிற்குக் கீழே, டிரைவரின் முழங்கால் அருகே 16 துளைகள் உள்ள சாக்கெட் இருக்கும். மேல் வரிசையில் 8, கீழ் வரிசையில் 8. மேல்பக்கம் அகலமாகவும் கீழ்ப்பக்கம் குறுகலாகவும் இருப்பதால் தலைகீழாகச் செருக முடியாது. சில கார்களில் சிறிய பிளாஸ்டிக் மூடி இருக்கும்.

சாவி ஆப் நிலையில் இருக்கும்போது ஸ்கேனரைச் செருகவும். பின்னர் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பவும். போனில் புளூடூத்தை இயக்கி, கருவியின் பெயரைத் தேர்ந்தெடுக்கவும். பாஸ்வேர்ட் கேட்டால் பெரும்பாலும் 1234 அல்லது 0000 ஆக இருக்கும். பின் ஆப்பைத் திறந்து இணைக்கவும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. ஆப்பில் "கிளியர்" அல்லது "எரேஸ்" என்று ஒரு பட்டன் இருக்கும். அதைத் தொடவே தொடாதீர்கள்! நீங்கள் தேடி வந்த தடயத்தை நீங்களே அழித்தது போலாகிவிடும்.

முதல் சோதனை: விளக்கு எரிகிறதா?

சாவியை ஆன் செய்தவுடன் டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். பல்பு நன்றாக இருக்கிறது என்பதைக் காட்ட கார் தானே செய்து கொள்ளும் சோதனை இது. சாவி போட்டபோதே அந்த விளக்கு எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கலாம். அல்லது யாராவது வேண்டுமென்றே கழற்றியிருக்கலாம். இதற்குக் கருவி கூடத் தேவையில்லை.

இரண்டாவது சோதனை: இன்ஜின் உண்மையிலேயே குளிர்ந்துள்ளதா?

கோளாறு உள்ள இன்ஜின் குளிர்ந்த நிலையில்தான் தன் குறையைக் காட்டும். ஸ்டார்ட் ஆகத் திணறும், புகை விடும், தட்டும். சூடேறிய பின் பல குறைகள் மறைந்துவிடும். அதனால்தான் சிலர் நீங்கள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைப்பார்கள்.

போனட்டின் மேல் கை வைத்துப் பார்ப்பது பழைய வழி. அதைவிட நல்ல வழி, ஸ்டார்ட் செய்யும் முன் ஆப்பில் கூலன்ட் வெப்பத்தைப் பார்ப்பது. காலையில் வெளியே 28 டிகிரி என்றால் கூலன்ட்டும் ஏறக்குறைய அதே அளவில் இருக்க வேண்டும். "ராத்திரி நிறுத்தினது சார், இன்னும் எடுக்கவே இல்லை" என்று விற்பவர் சொல்கிறார். திரையில் 60 டிகிரி காட்டுகிறது என்றால், யார் சொல்வது உண்மை என்று உங்களுக்கே புரியும். மறுநாள் காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

மூன்றாவது சோதனை: பிழைக் குறியீடுகள்

ஆப்பில் பிழைகளைப் படிக்கும்படி கட்டளை கொடுத்தால் பட்டியல் வரும். ஒவ்வொரு குறியீட்டிலும் ஒரு எழுத்தும் நான்கு இலக்கங்களும் இருக்கும். பி என்று தொடங்கினால் இன்ஜின், கியர் பாக்ஸ் தொடர்பானவை. அடிக்கடி சந்திக்கக் கூடியவை சில:

பி0300: எந்தச் சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்ல முடியாத மிஸ்ஸிங்.
பி0301, பி0302, பி0303: முறையே 1, 2, 3வது சிலிண்டரில் மிஸ்ஸிங்.
பி0171: பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்.
பி0420: சைலன்சர் பாதையில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை. அதை மாற்றும் செலவு அதிகம்.
பி0128: இன்ஜின் தேவையான வெப்பத்தை எட்டவில்லை. தெர்மோஸ்டாட் கோளாறாக இருக்கலாம்.

குறியீடு வந்தாலே கார் மோசம் என்று எண்ண வேண்டாம். மிஸ்ஸிங் என்பது ஒரு பழைய பிளக்கால் வரலாம். என் காரைப் போல வால்வு எரிந்தும் வரலாம். குறியீடு நோயின் பெயரைச் சொல்வதில்லை; எங்கே வலிக்கிறது என்று மட்டும் சொல்கிறது.

"பெண்டிங்" என்ற இன்னொரு பட்டியலையும் பார்க்கவும். பெரும்பாலான கோளாறுகளுக்கு, அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் அதே பிழை வந்தால்தான் விளக்கு எரியும். ஒரு முறை மட்டும் வந்தது பெண்டிங் பட்டியலில் காத்துக் கொண்டிருக்கும்.

நான்காவது சோதனை: அழித்திருக்கிறார்களா?

இந்தக் கட்டுரையின் மிக முக்கியமான பகுதி இதுதான். பட்டியலில் "பிழை எதுவும் இல்லை" என்று வந்தவுடன் மகிழ்ந்துவிடாதீர்கள். பிழையே வராததாலும் அப்படிக் காட்டலாம். நேற்று இரவு அழித்ததாலும் காட்டலாம். வேறுபாட்டைக் கண்டறிய மூன்று வழிகள் உள்ளன.

ரெடினெஸ்: கேட்டலிடிக் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், அதன் ஹீட்டர் என ஒவ்வொரு பகுதியையும் இ.சி.யு. அவ்வப்போது தானே சோதித்துக் கொள்ளும். சோதித்து முடித்ததற்கு "கம்ப்ளீட்" என்று குறித்து வைக்கும். பிழைகளை அழிக்கும்போது இந்தக் குறிப்புகளும் சேர்ந்து அழிந்து "இன்கம்ப்ளீட்" ஆகிவிடும். மீண்டும் முடிய, பல விதமான சாலைகளில் சில நாட்களாவது வண்டி ஓட வேண்டும். ஒன்று மட்டும் இன்கம்ப்ளீட் என்றால் கவலையில்லை. பெரும்பாலானவை அப்படி இருந்தால், மெமரி அண்மையில்தான் துடைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களின் புகைச் சோதனை நிலையங்களில் இதைப் பார்த்தே, "இன்னும் ஓட்டிவிட்டு வாருங்கள்" என்று கார்களைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

அழித்த பின் ஓடிய தூரம்: பல கார்களில் இந்த அளவும் கிடைக்கும். அது 5 கி.மீ., 10 கி.மீ. என்று இருந்தால் காரணம் கேளுங்கள்.

ப்யூயல் டிரிம்: இன்ஜினின் தேவைக்கேற்ப இ.சி.யு. பெட்ரோலைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ பழகி வைத்திருக்கும் அளவு இது. நன்கு ஓடிய காரில் "லாங் டெர்ம்" என்னும் அளவு பூஜ்யத்திற்கு அருகே ஏதாவது ஒரு சிறிய எண்ணாக இருக்கும். கூட்டல் பக்கம் 10 சதவீதத்தைத் தாண்டினால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது பெட்ரோல் பம்ப் தளர்ந்துவிட்டது. எப்போதும் சரியாக 0.0 என்றே காட்டினால், பல கார்களில் அதுவும் மெமரி அழிந்ததற்கு அடையாளம்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பாட்டரியைக் கழற்றினாலும் பல கார்களில் இந்த மெமரி அழிந்துவிடும். எனவே இன்கம்ப்ளீட் என்று வந்தாலே விற்பவரை ஏமாற்றுக்காரர் என்று முடிவு கட்டாதீர்கள். பாட்டரி மாற்றினீர்களா, எப்போது, பில் இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் ஒரு வாரம் ஓட்டிய பிறகு மீண்டும் வந்து பாருங்கள்.

ஐந்தாவது சோதனை: ஓடும்போது என்ன சொல்கிறது?

இப்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்து நேரடி அளவுகளைக் கவனியுங்கள்.

ஆர்.பி.எம்.: குளிர்ந்த நிலையில் 1,000ஐத் தாண்டித் தொடங்கி, சூடேறியதும் 700 முதல் 900க்குள் வந்து நிலையாக நிற்க வேண்டும். முள் மேலும் கீழும் ஆடினால் நல்லதல்ல.

வோல்டேஜ்: இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை. 12.5க்குக் கீழேயே நின்றால் ஆல்டர்னேட்டர் பாட்டரியை சார்ஜ் செய்யவில்லை. புதிய கார்கள் சிலவற்றில் இந்த அளவு ஏறி இறங்குவது இயல்பு.

கூலன்ட் வெப்பம்: சீராக ஏறி 85 முதல் 100 டிகிரிக்குள் நிற்க வேண்டும். ஏ.சி. போட்டு டிராபிக்கில் நிற்கும்போது பேன் ஓடுகிறதா என்று கேளுங்கள். 110ஐத் தாண்டி ஏறிக் கொண்டே போனால் உடனே இன்ஜினை நிறுத்திவிடவும். அந்தக் காரை மறந்துவிடுவதே நல்லது.

சேஸிஸ் எண்: பல கார்களில் 17 எழுத்து, எண்கள் கொண்ட வாகன அடையாள எண்ணையும் இ.சி.யு. சொல்லும். அது ஆர்.சி. புத்தகத்திலும் வண்டியின் உடலிலும் உள்ளதுடன் ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், இ.சி.யு. வேறொரு வண்டியில் இருந்து வந்ததாக இருக்கலாம்.

கம்ப்யூட்டருக்குத் தெரியாதவை

சென்சார் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று இ.சி.யு.வுக்குத் தெரியாது. ஆயில் கசிவு, பேரிங் சத்தம், வெடித்துப் போன பெல்ட், தேய்ந்த கிளட்ச் எதுவும் அதன் பட்டியலில் வராது. இவற்றை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஆயில்: இன்ஜின் நின்றிருக்கும்போது டிப்ஸ்டிக்கை எடுத்து வெள்ளைத் துணியில் துடையுங்கள். அளவு இரண்டு கோடுகளுக்கு இடையே இருக்க வேண்டும். பெட்ரோல் காரில் தேன் நிறம் முதல் பழுப்பு வரை நல்லது. டீசல் காரில் ஆயில் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும், அது இயல்பு. விரலில் தேய்க்கும்போது உலோகத் துகள் மின்னினாலோ, மணல் போல உறுத்தினாலோ உள்ளே தேய்மானம் அதிகம்.

ஆயில் மூடி: அதைத் திறந்து உட்புறம் பாருங்கள். பால் காபி நிறத்தில் கொழகொழவென்று படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. குளிர்ப் பிரதேசங்களில் சிறிய தூரங்களுக்கு மட்டும் ஓடும் கார்களிலும் இது லேசாகப் படியும். நம் ஊர் வெயிலில் இதைக் கண்டால் ஹெட் கேஸ்கட் மீது சந்தேகப்பட வேண்டும்.

கூலன்ட்: இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என ஏதாவது ஒரு நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். துரு நிறத் தண்ணீர் என்றால் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். மேலே எண்ணெய் மிதந்தால் வாங்க வேண்டாம்.

புகை: ஒருவரை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லி, நீங்கள் பின்னால் நின்று பாருங்கள். நீல நிறம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் வந்தால் வால்வு சீல். மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்மானம். கறுப்பு என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது. இன்ஜின் சூடேறிய பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை வந்தால் கூலன்ட் எரிகிறது.

சத்தம்: ஸ்டார்ட் ஆனவுடன் லேசாக டிக் டிக் என்று கேட்டு, சில நொடிகளில் நின்றுவிட்டால் பெரும்பாலும் கவலையில்லை. ஆழத்தில் இருந்து "டொக் டொக்" என்று, மிதிக்க மிதிக்க வேகம் கூடும் சத்தம் வந்தால் கனெக்டிங் ராட் பேரிங் போயிருக்கலாம். அதற்கு இன்ஜினை இறக்கித்தான் வேலை பார்க்க வேண்டும்.

டைமிங் பெல்ட்: சில இன்ஜின்களில் செயின், சிலவற்றில் ரப்பர் பெல்ட். பெல்ட் என்றால் எப்போது மாற்றினார்கள் என்று பில் கேளுங்கள். அது அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வுகளில் மோதி, ஒரே நொடியில் இன்ஜின் வீணாகிவிடும். அறுவதற்கு முன் எந்த விளக்கும் எரியாது.

வெள்ளத்தில் நின்ற காரா?

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற வண்டியைக் கழுவித் துடைத்து, சீட் கவர் மாற்றி வேறு ஊரில் விற்றுவிட முடியும். தண்ணீர் உள்ளே போன இன்ஜினை ஸ்டார்ட் செய்திருந்தால் கனெக்டிங் ராட் வளைந்திருக்கும். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது என்பதே காரணம். இ.சி.யு.வின் கனெக்டர்களில் பாசி போலப் பச்சை படிந்து, மாதங்கள் கழித்துக் கோளாறுகள் தொடங்கும்.

சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள்; கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழி, சீட் நகரும் தண்டவாளம், பியூஸ் பாக்ஸின் மூலைகள் ஆகியவற்றில் டார்ச் அடித்து வண்டல் தேடுங்கள். கடும் வாசனைத் திரவியம் அடித்திருந்தால் எதை மறைக்க என்று யோசியுங்கள்.

கடைசியாக, கம்ப்ரஷன் சோதனை

எல்லாம் திருப்தி என்றால், முன்பணம் கொடுக்கும் முன் உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டு செல்லுங்கள். விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜ் வைத்து அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். எண் எவ்வளவு என்பதை விட, சிலிண்டர்கள் ஒன்றோடொன்று ஒத்துப் போவது முக்கியம். ஒன்று மட்டும் 15 சதவீதத்திற்கு மேல் குறைந்தால் கோளாறு. அந்தச் சிலிண்டரில் சிறிது ஆயில் விட்டு மீண்டும் அளந்தால், அழுத்தம் கூடினால் ரிங் தேய்மானம். கூடாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். என் காரில் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தாலே இரண்டாவது சிலிண்டர் மாட்டிக் கொண்டிருக்கும்.

மறக்காமல் இருக்க

1. விளக்கு எரிந்து அணைகிறதா?
2. கூலன்ட், வெளி வெப்பம் இரண்டும் ஒன்றா?
3. பிழைகள், பெண்டிங் பட்டியல்.
4. ரெடினெஸ், அழித்த பின் ஓடிய தூரம்.
5. ஆயில், கூலன்ட், புகை, சத்தம்.
6. அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டு, பிழைகளை மீண்டும் படிக்கவும்.
7. மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன்.
8. ஸ்கேனரைக் கழற்றி எடுத்து வரவும். செருகியே விட்டால் பாட்டரியை மெல்லக் குடித்துவிடும்!

இரண்டு மாதங்களுக்கு முன் என் சித்தப்பா போன் செய்தார். "ஒரு வண்டி பார்த்திருக்கேம்பா. ரிட்டையர்மென்ட் பணம். நீ பட்டது போதும், நானும் படணுமா? வந்து பாரு" என்றார். ஸ்கேனரோடு போனேன். பிழை எதுவும் இல்லை. ஆனால் ரெடினெஸ் பட்டியலில் ஏறக்குறைய எல்லாமே இன்கம்ப்ளீட். அழித்த பின் ஓடிய தூரம் 4 கி.மீ.

சித்தப்பா முகம் வாடிவிட்டது. உரிமையாளரிடம் கேட்டேன். முதல் நாள் பாட்டரி மாற்றியதாகச் சொல்லி, உள்ளே போய் பில்லை எடுத்து வந்தார். ஒரு வாரம் வழக்கம் போல ஓட்டுங்கள், அதன் பின் வருகிறோம் என்றோம். சம்மதித்தார். அடுத்த ஞாயிறு போனபோது தூரம் 212 கி.மீ. ஒன்றைத் தவிர எல்லாம் கம்ப்ளீட். பிழையும் இல்லை, பெண்டிங்கும் இல்லை. எங்கள் மெக்கானிக் அளந்த கம்ப்ரஷனும் மூன்று சிலிண்டர்களிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. சித்தப்பா வண்டியை வாங்கிவிட்டார்.

அந்த ஒரு வாரம் காத்திருந்ததால் வாங்கியவருக்கு நிம்மதி. விற்றவர் மீது வீண் பழியும் விழவில்லை. நீங்களும் பழைய கார் பார்க்கப் போகும்போது போனில் சார்ஜ் நிரப்பி, ஸ்கேனரைப் பையில் போட்டுக் கொண்டு கிளம்புங்கள்.